சொப்பு அடுப்பில் நிஜ நெருப்பு: 30 சமையல் வீடியோக்களைச் சலித்துப் பார்த்த அனுபவம்

மே மாத விடுமுறை. மதியம் 3 மணி இருக்கும். அத்தை உள்ளே படுத்திருந்தார். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து எண்ணெய் கருகும் வாடை வந்தது. அடுப்படியில் எதுவும் இல்லையே என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். 5 வயதுச் சின்னவள் சாமி மாடத்து அகல் விளக்கைத் தன் மண் சொப்பு அடுப்புக்குள் வைத்து, மேலே ஒரு தகர வாணலியை ஏற்றியிருந்தாள். அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய். கையில், சப்பாத்தி மாவிலிருந்து பொட்டளவு கிள்ளித் தட்டிய பூரி. தீக்குச்சி கிழித்துக் கொடுத்தவன் 8 வயதுப் பெரியவன்.

என்னைப் பார்த்து இருவருமே பயப்படவில்லை. "அம்மா, பூரி உப்பும் பாரு" என்றாள் சின்னவள். நான் எட்டிப் பிடிப்பதற்குள் வாணலியின் காதைத் தொட்டுவிட்டாள்.

2 விரல் நுனி சிவந்துவிட்டது. குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு 20 நிமிடம் நின்றேன். அத்தை அவசரமாக இட்லி மாவு எடுத்து வந்தார். அவர் வளர்ந்த வீட்டில் அதுதான் கைமருந்து. "தண்ணி மட்டும் போதும் அத்தை, மாவு, பேஸ்ட், ஐஸ் எதுவும் வேண்டாம்" என்றேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே கூட நின்றார். கொப்புளம் வரவில்லை, 2 நாளில் ஆறிவிட்டது.

எனக்குத்தான் ஆறவில்லை. அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். மண் அடுப்பு, அதற்குள் ஒரு சுடர், தகர வாணலி, ஒரு தேக்கரண்டி எண்ணெய், பொட்டளவு மாவு. இதில் ஒன்றுகூட அவளாகக் கண்டுபிடித்தது இல்லை. எல்லாமே அத்தையின் போனில் பார்த்தது. அந்த வீடியோக்களைத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் போட்டுக் கொடுத்தது நாங்கள்தான். சண்டை இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, பயமுறுத்தும் பொம்மை இல்லை, சமையல்தானே என்று நினைத்துக் கொடுத்தோம்.

சரி, என்னதான் பார்க்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன். அத்தையின் யூடியூபில் பார்த்தவற்றின் பட்டியலைத் திறந்து, கடைசியாகப் பார்த்த சமையல் வீடியோக்கள் 30-ஐ ஒரு 80 பக்க நோட்டில் எழுதிக்கொண்டேன். தினம் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு மூன்றோ நான்கோ. முடிக்கச் சுமார் 10 நாள் ஆனது.

முதலில் வகை பிரித்தேன். 11 வீடியோக்கள் சொப்புச் சமையல். அடுத்து 6, வீட்டில் கிடைப்பதை வைத்து ஏதாவது அதிசயம் செய்யும் 'டிரிக்' வகை. 5, பொம்மைக் கட்டைகளையும் காந்த உருண்டைகளையும் அசைத்து அசைத்துப் படமெடுத்துச் சமைப்பது போலக் காட்டுபவை. 4, குழந்தைகளே சமைத்துக் காட்டுபவை. மீதி 4-ல் பாட்டிகளும் தாத்தாக்களும் வழக்கமாகச் சமைக்கிறார்கள்.

ஆரம்பத்தில் நான் செய்த தவறு, 'குழந்தைகளுக்கானது' என்ற முத்திரையை நம்பி அதை வைத்தே வடிகட்டப் பார்த்தது. ஒரு வீடியோவுக்குக் கீழே கருத்துப் பெட்டி மூடியிருந்தால், பெரும்பாலும் அது குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்டவை எல்லாம் பாதுகாப்பானவை என்று டிக் போட்டுக்கொண்டே வந்தேன். நான்காவது வீடியோவிலேயே ஒரு மெழுகுவத்தியும் கொதிக்கும் எண்ணெயும் வந்தன. கருத்துப் பெட்டி மூடித்தான் இருந்தது.

பிறகுதான் அந்த முத்திரை எங்கிருந்து வந்தது என்று படித்தேன். அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரங்களை இணையத்தில் பெற்றோர் சம்மதமில்லாமல் திரட்டக்கூடாது என்று 1998-ல் ஒரு சட்டம் வந்தது. அதை மீறியதாக எழுந்த வழக்கில், 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. அதைத் தொடர்ந்து 2020 ஜனவரியிலிருந்து, வீடியோ ஏற்றுபவர்கள் அது குழந்தைகளுக்கானதா இல்லையா என்று குறிக்க வேண்டும் என்று ஆனது. அப்படிக் குறித்தால் பார்ப்பவரின் விருப்பத்தைத் துருவி விளம்பரம் போட மாட்டார்கள், கருத்துப் பெட்டியும் கிடையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த முத்திரை விளம்பரத்தையும் விவரத் திருட்டையும் பற்றியது. அடுப்பைப் பற்றியும் கத்தியைப் பற்றியும் அது ஒரு வார்த்தை சொல்வதில்லை. போட்ட டிக்கை எல்லாம் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு வீடியோவையும் முதலில் சத்தமில்லாமல் பார்த்தேன். இதைச் சொல்லிக் கொடுத்தது சின்னவள்தான். ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோது "அவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "தெரியல, கைய மட்டும்தான் பார்த்தேன்" என்றாள். 5 வயதுக் குழந்தைக்கு வீடியோ என்றால் கைகள்தான். அதனால் நானும் கைகளை மட்டும் பார்த்தேன்.

ஒரு சொப்புப் பூரி வீடியோ. எங்கள் வீட்டு விபத்துக்குக் காரணமானதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து ஓடவிட்டேன். சாணம் மெழுகிய குட்டித் திண்ணை, கோலம், செம்மண் அடுப்பு. அவ்வளவு அழகாக இருக்கிறது, எனக்கே உட்கார்ந்து விளையாடத் தோன்றியது. வலப்பக்கமிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு பெரிய பெண்ணின் கை வருகிறது. முகம் வருவதே இல்லை. விரல் நுனியால் பூரியை எண்ணெயில் விடுகிறது. அந்தக் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை, பழகிய கை. உடனே காட்சி வெட்டு. அடுத்த காட்சியில் பூரி உப்பியிருக்கிறது. இன்னொரு வெட்டு. அதே கை வாணலியின் காதைப் பிடித்து இறக்குகிறது, துணி இல்லாமல்.

இந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் வெளிச்சம் மாறியிருக்கிறது. திண்ணையில் விழுந்த நிழல் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது. அதாவது, நடுவில் நெருப்பை எடுத்துவிட்டு, வாணலி நன்றாக ஆறிய பிறகு இறக்கும் காட்சியை எடுத்திருக்கிறார்கள். படமெடுத்தவருக்கு அது தெரியும். என் மகளுக்குத் தெரியாது. அவள் பார்த்தது, கொதிக்கும் வாணலியை வெறுங்கையால் பிடிக்கலாம் என்பதைத்தான். அதைத்தான் செய்தாள்.

அன்றிலிருந்து நோட்டில் 'எங்கே வெட்டு விழுகிறது' என்று ஒரு பத்தி சேர்த்தேன். 11 சொப்பு வீடியோக்களில் ஒன்றில்கூட நெருப்பை அணைக்கும் காட்சி இல்லை. ஏற்றுவதை எல்லோரும் காட்டுகிறார்கள். சமையல் முடிந்ததும் குட்டி வாழை இலையில் பரிமாறி, கேமரா நெருங்கிப் போய் முடிகிறது. அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கிறது.

அப்புறம் சத்தத்தை மட்டும் கேட்டேன், திரையைத் திருப்பி வைத்துவிட்டு. கழுவிய ஈரம் காயாத உருளைக்கிழங்கை எண்ணெயில் போடும் சடசடப்பை, மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். கேட்க மழைச் சத்தம் மாதிரி சுகமாக இருக்கிறது. ஆனால் அது எச்சரிக்கைச் சத்தம். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு பெருகும். சூடான எண்ணெய்க்குள் நடந்தால் எண்ணெயை வாரி வெளியே அடிக்கும். நாம் சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் "தள்ளி நில்லு" என்ற அம்மாவின் குரலும் சேர்ந்தே கேட்கும். இங்கே அந்தக் குரல் இல்லை, சத்தம் மட்டும் இருக்கிறது.

நாங்களும் கூட்டாஞ்சோறு ஆக்கியவர்கள்தான். 3 கல் வைத்து, சுள்ளி பொறுக்கி, ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து நிஜமாகவே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். அப்போது மட்டும் நெருப்பு சுடாதா என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். எங்கள் கூட்டத்தில் 12, 13 வயது அக்கா ஒருத்தி எப்போதும் இருந்தாள். நெருப்பு அவள் பொறுப்பு. சின்னப் பிள்ளைகளுக்குச் சுள்ளி பொறுக்குவதும் கல் வைப்பதும்தான் வேலை. கடைசியில் தண்ணீர் ஊற்றி அணைத்து, மண் தள்ளி மூடிவிட்டுத்தான் கிளம்புவோம். இதைச் சொன்னதும் அத்தை "ஆமாம்மா, அந்தப் பெரிய புள்ளதான் இதுல காணோம்" என்றார். நான் 10 நாளாகத் தேடிக்கொண்டிருந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

'டிரிக்' வகையை அதிகம் இழுக்க வேண்டியதில்லை. ஆறையும் நீக்கிவிட்டேன். அதில் ஒன்று, காலி குளிர்பான டின்னில் சோளப்பொரி பொரிப்பது. 2019-ல் சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் 14 வயதுச் சிறுமியும் 12 வயதுத் தோழியும் டின்னில் ஆல்கஹால் ஊற்றிச் சோளப்பொரி செய்யப் போனார்கள். தீ வெடித்துப் பற்றியது. 14 வயதுச் சிறுமி இறந்துவிட்டாள், தோழிக்குப் பலத்த தீக்காயம். இணையத்தில் பிரபலமான ஒரு வீடியோவைப் பார்த்துச் செய்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள். வீடியோ எடுத்தவர் தன் முறை வேறு என்றார், ஆனாலும் இழப்பீடு கொடுத்தார். முறை வேறாகவே இருக்கட்டும். குழந்தை பார்த்ததை அப்படியே செய்யாது, தன்னிடம் இருப்பதை வைத்துச் செய்யும். என் மகளிடம் மெழுகுவத்தி இல்லை, அகல் இருந்தது.

அதே வகையில் இருந்த பிஸ்கட் கேக்கை மட்டும் நானே செய்து பார்த்தேன். பிள்ளைகள் ரொம்ப நாளாகக் கேட்டது. பிஸ்கட்டைப் பொடித்து, பால் ஊற்றிக் கரைத்து, ஒரு பாக்கெட் ஈனோ சேர்த்து, தண்ணீர் விடாத குக்கரில் உப்பைப் பரப்பி அதன்மேல் வைத்து வேகவிடுவது. இப்படி வெறும் குக்கரைச் சூடேற்றும்போது மூடியின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் ரப்பர் கருகும், உள்ளே காற்றும் கேக்கின் ஈரமும் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும். இவ்வளவு முக்கியமான விஷயம் அந்த வீடியோவில் எப்படி வருகிறது தெரியுமா? திரையின் அடியில் ஒரு வரி எழுத்தாக, 2 நொடி. பின்னால் துள்ளலான பாட்டு. பெரியவனைப் படிக்கச் சொன்னேன். பாதி படிப்பதற்குள் போய்விட்டது. சின்னவளுக்கு இப்போதுதான் எழுத்துக் கூட்டத் தெரியும். யாருக்கு எச்சரிக்கை வேண்டுமோ அவர்களால் படிக்க முடியாத இடத்தில் எச்சரிக்கையை வைத்திருக்கிறார்கள். 20 நிமிடம் என்று போட்டிருந்தது, எனக்கு 40 நிமிடம் ஆனது. கேக் நன்றாகத்தான் வந்தது. என் தீர்ப்பு: இது பெரியவர்கள் செய்ய வேண்டியது, குழந்தைகள் சாப்பிட வேண்டியது. வீடியோவாக அவர்களுக்கு வேண்டாம்.

இன்னொன்றில் பஞ்சுமிட்டாய் நிறத்தில் ஒரு இனிப்பு. பெயர் எழுதாத பாக்கெட்டிலிருந்து ரோஸ் பொடி கொட்டுகிறார்கள். 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டது நினைவிருக்கும். துணிக்கும் தாளுக்கும் போடும் சாயம் அது. அந்த வீடியோவில் இருந்தது அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. என்ன பொடி என்று சொல்லாததே எனக்குப் போதும், நீக்கிவிட்டேன்.

பொம்மைக் கட்டைச் சமையலில் நெருப்பே இல்லை, அதனால் முதல் சுற்றில் ஐந்தையும் விட்டுவைத்திருந்தேன். பக்கத்து வீட்டு 3 வயதுக் குழந்தை மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அவனையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றைப் போட்டேன். வெள்ளிக் காந்த உருண்டைகளை வாணலியில் கொட்டிக் கிளறக் கிளற அவை பட்டாணியாக மாறுகின்றன. பையன் உடனே தரையில் கிடந்த சோழியை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். நான் தட்டிவிட்டேன். காந்த உருண்டைகளில் இரண்டு மூன்றை விழுங்கிவிட்டால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுத்து நடுவில் இருக்கும் சதையை நசுக்கிக் குடலையே துளைத்துவிடும். 8 வயதுப் பையனுக்கு அது கண்கட்டு வித்தை என்று புரியும், ரசிப்பான். 3 வயதுக்கு அது சாப்பாடு. வீட்டில் யார் யார் பார்க்கிறார்களோ அவர்களில் கடைசிக் குழந்தையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். முழுத் திராட்சையும் முழு நிலக்கடலையும் அள்ளித் தூவிய ஒரு கேக்கும் இதே காரணத்தால் போனது. 5 வயதுக்குக் கீழே அவை தொண்டையில் அடைக்கக்கூடியவை.

குழந்தைகளே சமைக்கும் 4 வீடியோக்கள்தான் என்னை அதிகம் குழப்பின. ஒரு குழந்தை செய்வதைப் பார்த்தால் இன்னொரு குழந்தைக்கு ஆர்வம் வரும், அது நல்லதும்கூட. ஒன்றில் 7 வயது இருக்கக்கூடிய ஒரு பெண் முக்காலி போட்டு ஏறி, எரியும் அடுப்பின் மேல் குனிந்து தாளிக்கிறாள். முடி கட்டவில்லை. பளபளக்கும் நைலான் கவுன், தொங்கும் கை. என் வயிறு கலங்கிவிட்டது. கடைசியில் "அம்மா ஹெல்ப் பண்ணாங்க" என்று சிரிக்கிறாள். அந்த அம்மா எங்கேயும் தெரியவில்லை. இன்னொன்றில் ஒரு பையனும் அவன் தாத்தாவும். பையன் மாவு பிசைகிறான், மொக்கைக் கத்தியால் வாழைப்பழம் நறுக்குகிறான். அடுப்புப் பக்கம் போகும்போது "இப்ப நீங்க வாங்க தாத்தா" என்று இடம் மாறுகிறான். அந்த இடம் மாறுவதை அவர்கள் வெட்டவில்லை. மூன்று நொடி சும்மா கேமரா ஓடுகிறது, யாரும் எதுவும் செய்யவில்லை, இருவரும் இடம் மாறுகிறார்கள், அவ்வளவுதான். 30 வீடியோக்களில் என் மனதுக்குப் பிடித்த மூன்று நொடி அதுதான்.

நெருப்பு இருந்தாலே நீக்கிவிடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். அப்படிச் செய்தால் எங்கள் பிள்ளைகள் உயிராகப் பார்க்கும் வில்லேஜ் குக்கிங் சேனலையும் நிறுத்த வேண்டியிருக்கும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்துக்காரர்கள், எங்கள் திருச்சிக்குப் பக்கம். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல். வயல்வெளியில் விறகு அடுப்பு, ஆளுயரப் புகை, அண்டா அண்டாவாகச் சமையல். நெருப்பு என்று பார்த்தால் இதைவிடப் பெரிய நெருப்பு அந்த முப்பதில் எதிலும் இல்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு என் பிள்ளைகள் ஒருநாளும் அண்டா ஏற்ற முயன்றதில்லை. துடுப்பு மாதிரி ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு காற்றில் கிண்டுவார்கள், "எல்லாரும் வாங்க" என்று கத்துவார்கள், முடிந்தது. அங்கே எல்லாமே பெரிய ஆட்கள் செய்யும் பெரிய வேலை என்று பார்த்த உடனே தெரிகிறது. சொப்பு அடுப்பின் நெருப்பு குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு இருக்கிறது, அவளிடம் இருக்கும் அதே சொப்பில் எரிகிறது. சின்ன நெருப்பு கிட்டே கூப்பிடுகிறது. ஆகவே நெருப்பின் அளவைப் பார்க்காமல், அது யார் கைக்கு எட்டுவது போலக் காட்டப்படுகிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

கடைசிச் சோதனை பிள்ளைகளை வைத்துத்தான். இதை நான் திட்டமிடவில்லை, தானாக அமைந்தது. ஒருநாள் சின்னவளிடம் சொப்புச் சாம்பார் வீடியோவைக் காட்டி முடித்ததும், "எப்படிச் செய்யணும்னு எனக்குக் கதையாச் சொல்லு" என்றேன். அவள் சொன்னது: "அடுப்ப பத்த வைக்கணும். கத்தியால குட்டியா வெட்டணும். போடணும். கொதிக்கும். சாப்பிடணும்." 5 வாக்கியம். அடுத்த நாள் ஒரு பாட்டி வெல்ல அவல் செய்யும் வீடியோ. அதே கேள்வி. "கைய கழுவணும். அவல ஊற வைக்கணும், அது வரைக்கும் தேங்கா துருவணும். பாட்டி 'இரு இரு, ஊறட்டும்'னு சொன்னாங்க. வெல்லத்துல கல்லு இருக்கும், வடிகட்டணும். பாகு சுடும், தொடக்கூடாது, ஆறட்டும்னு சொன்னாங்க." எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் விட்டுவிட்டவை எல்லாம் வீடியோ விட்டுவிட்டவை. வீடியோவில் இருந்தது எதையும் அவள் விடவில்லை.

இதற்குப் பிறகு கதை சொல்லச் சொல்வதையே முக்கியச் சோதனையாக வைத்துக்கொண்டேன். நான் முன்கூட்டியே தேறியவை என்று வைத்திருந்த ஒன்பதில் இரண்டு இதில் விழுந்தன. ஒன்றில் பெரியவன் சொன்ன கதை முழுக்க ஒரு சாக்லேட்டின் பெயரிலேயே ஓடியது, என்ன செய்தார்கள் என்பதே அவனுக்கு நினைவில்லை. அது சமையல் வீடியோ வேடத்தில் வந்த விளம்பரம் என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இன்னொன்றில் நல்ல சமையல்தான், வேகம் அதிகம், குழந்தைக்கு எதுவும் தங்கவில்லை. மீதி 7 தேறின.

தேறியவற்றை மட்டும் காட்ட ஏற்பாடு செய்யும் வேலை ஒரு சனிக்கிழமை மாலையைத் தின்றது. என் பழைய போனில் யூடியூப் கிட்ஸ் போட்டு, பெற்றோர் தேர்ந்தெடுத்ததை மட்டும் காட்டும் வசதியை வைத்தேன். அப்படி வைத்தால் தேடும் பெட்டியே போய்விடுகிறது, நாம் சேர்த்தது மட்டும்தான் வரும். பெற்றோர் அமைப்புக்குள் நுழைய ஒரு பெருக்கல் கணக்குக் கேட்டது. 8 வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அது பூட்டே இல்லை, வாய்ப்பாடு அவன் என்னைவிட வேகமாகச் சொல்வான். அதனால் சொந்தமாக 4 இலக்க எண் போட்டுக்கொண்டேன். என் ஏழில் 3 அதில் கிடைக்கவில்லை, பெரியவர்களுக்கான வீடியோக்கள் என்பதால். அவற்றை டிவியில் நானே போட்டுக் காட்டுகிறேன். தானாக அடுத்ததற்குத் தாவும் வசதியை அத்தையின் போனிலும் டிவியிலும் அணைத்தேன். வேண்டாத சேனல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, இனிப் பரிந்துரைக்காதே என்று கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அத்தையின் முகப்புப் பக்கம் கோயில் கும்பாபிஷேகமும் மருத்துவமும் ஆகிவிட்டது. அவருக்கும் அது பிடித்திருக்கிறது. ஷார்ட்ஸை மட்டும் முழுவதும் நிறுத்திவிட்டேன். அரை நிமிடத்தில் ஒரு சமையலை முடிக்கும் வீடியோவில் ஆறவைக்க இடமேது?

தீப்பெட்டி இப்போது பரணில். சாமி விளக்கை மாலையில் பெரியவனும் நானும் சேர்ந்து ஏற்றுகிறோம். குச்சியை அணைத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுவது அவன் வேலை. சொப்புச் சாமானை நான் எடுத்து ஒளித்து வைக்கவில்லை. வாணலியில் கிழித்த காகிதமும் வேப்பிலையும் பொரிகின்றன. அடுப்புக்குள் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி நெருப்பு செய்துகொடுத்தான் பெரியவன்.

போன வாரம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே யாரோ ஒருவர் போனில் சொப்பு தோசை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சின்னவளும் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை, தள்ளி நின்று பார்த்தேன். வீடியோ முடிந்ததும் பக்கத்தில் இருந்த அக்காவிடம், "அக்கா, அவங்க அடுப்ப அணைக்கவே இல்ல" என்றாள். அந்தப் பெண் மறுபடி ஓட்டிப் பார்த்து, "ஆமா" என்றாள். இருவரும் அடுத்த வீடியோவில் யார் அணைக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

நோட்டில் இன்னும் 40 பக்கத்துக்கு மேல் இருக்கிறது. இந்த ஞாயிறு பிடி கொழுக்கட்டை. அந்தத் தாத்தா, பேரன் வீடியோவைப் பார்த்துவிட்டுச் செய்யப் போகிறோம். வெல்லப்பாகும் ஆவியும் நான். மாவு ஆறிவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வது அத்தை. பிடிப்பது அவர்கள் இரண்டு பேரும்.